எஸ்எஸ்டி எத்தனை வருஷம் வரும்? கரிசல் வட்டாரத்து வீட்டுக் கணினிகளை முன்வைத்து ஒரு பரிசீலனை

கோவில்பட்டி, சாத்தூர், விளாத்திகுளம், கழுகுமலை என்று கரிசல் வட்டாரத்தில் வீட்டுக் கணினியைச் சர்வீசுக்குத் தூக்கிக்கொண்டு வருகிறவர் கேட்பது பெரும்பாலும் இரண்டு கேள்வி. "எஸ்எஸ்டி போட்டா ஸ்பீடு வந்திருமா?" "போட்டா எத்தனை வருஷம் வரும்?" முதல் கேள்விக்கு எல்லாரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள். இரண்டாவதற்கு 2008 முதல் இன்றுவரை வந்த பதில்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டே வந்திருக்கின்றன. எழுத எழுதத் தேய்ந்துவிடும் என்றார்கள். தேய்வதற்குள் நாமே கணினியை மாற்றிவிடுவோம் என்றார்கள். நல்ல கம்பெனியாகப் பார்த்து வாங்கினால் போதும் என்றார்கள். பிறகு கம்பெனியே உள்ளிருக்கும் சரக்கை மாற்றிவிட்டது என்று செய்தி வந்தது. கரண்டையும் வெயிலையும் பற்றிப் பேசியவர்கள்தான் குறைவு. இந்த வட்டாரத்துக்கு முதலில் கேட்க வேண்டியதே அந்த இரண்டையும் பற்றித்தான் என்பது இக்கட்டுரையின் பார்வை.

வீட்டுக் கணினி என்று இங்கே சொல்வது விளையாட்டுக்கும் சினிமாவுக்குமான பெட்டியை மட்டும் அல்ல. தீப்பெட்டி ஆபீசின் டேலி கணக்கு, சிவகாசி அச்சகத்துக்குப் போகவேண்டிய காலண்டர் டிசைன், கல்யாண ஆல்பம், கல்லூரிப் பிள்ளையின் புராஜெக்ட் எல்லாம் வீட்டு மேசையிலேயே நடக்கின்றன. போனால் திரும்பச் செய்ய முடியாத வேலைகள் இவற்றில் நிறைய.

வேகம்: ஏறத்தாழ முடிந்துபோன வழக்கு

மடிக்கணினியின் ஹார்ட் டிஸ்க்கில் தட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுற்றுகிறது. படிக்கும் ஊசி சரியான இடத்துக்கு நகர்ந்து, தட்டு சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் சிறு தகவல்களை நொடிக்கு நூறு முறைகூட அதனால் எடுத்துத் தர முடியாது. எஸ்எஸ்டியில் நகரும் பாகம் எதுவும் இல்லை. அதே வேலையைச் சாதாரண எஸ்எஸ்டி நொடிக்குப் பல்லாயிரம் முறை செய்துவிடும். விண்டோஸ் 10 வந்த பிறகு, பழைய கணினிகளில் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றது. எஸ்எஸ்டி போட்டவுடன் அந்தத் தொல்லை போயிற்று. ஆன் செய்துவிட்டுப் போய்க் காப்பி குடித்து வரும் பழக்கமும் அத்தோடு போயிற்று.

இந்த வட்டாரத்தில் அதை முதலில் உணர்ந்தவர்களில் பலர் அரசு மடிக்கணினி வாங்கிய பிள்ளைகள்தான். 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் முதலில் வந்தவை 320 ஜிபி ஹார்ட் டிஸ்க்கும் 2 ஜிபி ரேமும் கொண்டவை. 'கவர்ன்மெண்ட் லேப்டாப்' மந்தமானதும் தங்கைக்கோ தம்பிக்கோ கைமாறும். அப்போது பலரும் செய்த வைத்தியம் ஒன்று உண்டு. டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கேடி என்கிற சட்டத்துக்குள் பழைய ஹார்ட் டிஸ்க்கை வைத்துவிடுவது. ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் புது எஸ்எஸ்டியை மாட்டி அதில் ஓஎஸ் போடுவது. பழைய படமெல்லாம் பத்திரமாக இருக்கும், வேகமும் கிடைக்கும்.

'எஸ்எஸ்டி போட்டால் எல்லாம் சரியாகும்' என்ற கட்சிக்கும் ஓட்டைகள் உண்டு. ரேம் 2 ஜிபியிலேயே நின்றால், இடம் போதாமல் கணினி எஸ்எஸ்டியையே ரேமாகப் பாவித்து ஓயாமல் எழுதிக்கொண்டிருக்கும். சாட்டா வகை நொடிக்குச் சுமார் 550 எம்பி தரும். என்விஎம்இ வகை 3500, 7000 என்று போகும். டேலியும் பிரவுசரும் மட்டும் திறக்கிறவருக்கு அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. எஸ்எஸ்டியால் உயிர் பெற்ற பழைய புராசஸர் கணினிகள் பலவும் விண்டோஸ் 11 கேட்கும் தகுதிக்கு வெளியே நிற்கின்றன. வேகமாக ஓடும், ஆனால் வழக்கமான பாதுகாப்பு அப்டேட் வராது என்ற விநோத நிலை அவற்றுக்கு.

தேய்மானம் என்ற பழைய பயம்

எஸ்எஸ்டிக்குள் இருக்கும் ஃபிளாஷ் நினைவகம் ஜப்பானின் டோஷிபாவில் ஃபூஜியோ மசுவோகா 1980களில் உருவாக்கியது. நுண்ணிய அறைக்குள் மின்னேற்றத்தை அடைத்து வைப்பதுதான் அதன் சூட்சுமம். ஒவ்வொரு முறை அழித்து எழுதும்போதும் அறைச் சுவர் கொஞ்சம் நைகிறது. ஓர் அறையில் ஒரு பிட் மட்டும் வைக்கும் எஸ்எல்சி வகை லட்சம் முறைவரை தாங்கும் என்பது பொதுக் கணக்கு. மூன்று பிட் வைக்கும் டிஎல்சி ஆயிரத்திலிருந்து சில ஆயிரம் முறை. நான்கு பிட் வைக்கும் கியூஎல்சி அதற்கும் கீழே. ஆக, விலை குறையக் குறைய அறைக்குள் நெரிசல் கூடியது. தாங்கும் சக்தி குறைந்தது.

இன்டெல் 2008இல் எக்ஸ்25-எம் என்ற 80 ஜிபி எஸ்எஸ்டியை 595 டாலருக்குக் கொண்டுவந்தபோது, அன்றைய மதிப்பில் அது 27,000 ரூபாயை ஒட்டி வந்தது. அவ்வளவு கொடுத்து வாங்கியவர்கள் அதைப் பொத்திப் பொத்தி வைத்ததில் வியப்பில்லை. டீஃபிராக் செய்யாதே, டெம்ப் கோப்புகளை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்று, ஹைபர்னேட்டை நிறுத்து என்று அந்நாளில் எழுதப்பட்ட அறிவுரைகளை இன்றும் திருப்பிச் சொல்கிறவர்கள் உண்டு. அவற்றில் பலவற்றுக்கு 2009இல் விண்டோஸ் 7, அழித்த கோப்பின் இடத்தைத் துடைக்கச் சொல்லும் டிரிம் கட்டளையோடு வந்தபோதே தேவை குறைந்துவிட்டது.

பயத்துக்கு எதிர்க்கட்சி 2013இல் எழுந்தது. டெக் ரிப்போர்ட் என்ற அமெரிக்க இணைய இதழ் ஆறு எஸ்எஸ்டிகளை எடுத்து, சாகும்வரை இரவு பகலாக எழுதிப் பார்த்தது. சோதனை 2015 மார்ச்வரை ஓடியது. ஆறும் 700 டெராபைட்டைத் தாண்டின. சாம்சங் 840 புரோ 2400 டெராபைட்வரை போயிற்று. வீட்டுக் கணக்கோடு இதை ஒப்பிடலாம். மலிவு விலைக்குப் பேர்போன கிங்ஸ்டன் ஏ400, 240 ஜிபி டிரைவுக்குக் கம்பெனி உறுதி சொல்லும் எழுத்து அளவே 80 டெராபைட். நாளுக்கு 20 ஜிபி எழுதினாலும் அதை எட்ட 4000 நாள், சுமார் 11 ஆண்டு ஆகும். கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர், சிசிடிவி பதிவை எஸ்எஸ்டியிலேயே ஓடவிடுகிறவர், ரேம் பற்றாக்குறையோடு நாள் முழுக்க ஓட்டுகிறவர் தவிர வீட்டில் இந்த எல்லையைத் தொடுகிறவர் அரிது.

அந்தச் சோதனைக்கும் வரம்பு உண்டு. ஆறு டிரைவை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒன்றரை ஆண்டில் எழுதித் தீர்த்த சோதனை, ஏழெட்டு ஆண்டு சும்மா ஓடிய டிரைவைப் பற்றி அதிகம் சொல்லாது. டொரண்டோ பல்கலைக்கழகத்தின் பியங்கா ஷ்ரோடர் கூகுள் ஆய்வாளர்களோடு 2016இல் வெளியிட்ட ஆய்வு, கூகுளின் தரவு மையங்களில் ஆறு ஆண்டு ஓடிய டிரைவுகளைப் பார்த்தது. ஹார்ட் டிஸ்க்கைவிட எஸ்எஸ்டியை மாற்ற வேண்டிவந்தது குறைவு. ஆனால் படிக்கவே முடியாமல்போகும் பிழைகள் எஸ்எஸ்டியில் அதிகம். எவ்வளவு எழுதினோம் என்பதோடு, எத்தனை வயது என்பதும் தனியாகக் கணக்கில் வந்தது. விலை உயர்ந்த எஸ்எல்சி வகை மற்றவற்றைவிட நம்பகமாக இருக்கவில்லை என்பது அந்த ஆய்வு தந்த இன்னொரு அதிர்ச்சி. பேக்பிளேஸ் நிறுவனம் 2018 முதல் தன் சர்வர்களில் கணக்கு வைத்து வெளியிடும் எண்ணும் இதோடு ஒத்துப்போகிறது: ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் எஸ்எஸ்டிகள் சாகின்றன. தேய்ந்து சாவதைவிட, தேயாமலே சாவதுதான் அதிகம் என்று இதையெல்லாம் வைத்துச் சொல்லத் தோன்றுகிறது.

தேயாமல் சாகிறவை

அப்படியானால் கொல்வது எது? வரலாற்றைப் பார்த்தால் பல நேரம் உள்ளிருக்கும் மென்பொருள்தான், அதாவது ஃபர்ம்வேர். இன்டெல் 320 வகையில் 2011இல் வெளிப்பட்ட பிழையால், திடீரென மின்சாரம் போய் வந்தால் டிரைவ் தன் கொள்ளளவை 8 எம்பி என்று காட்டியது. குரூஷியல் எம்4 சரியாக 5,184 மணி நேரம் ஓடிய பிறகு மணிக்கொரு முறை கணினியை நிறுத்தியது. 2012இல் திருத்தம் வந்தது. எச்பிஈ நிறுவனத்தின் சில சர்வர் டிரைவுகள் 32,768 மணி நேரத்தில் ஒட்டுமொத்தமாகச் செத்துவிடும் என்று 2019இல் எச்சரிக்கை வெளியானது. சாம்சங்கின் 980 புரோ சில டிரைவுகள் படிக்க மட்டும் முடியும், எழுத முடியாது என்ற நிலைக்குப் போனதும் ஃபர்ம்வேர் கோளாறுதான்.

ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் மருந்து வந்தது. வீட்டுக்கு வந்து சேர்ந்ததா என்பதே சங்கதி. போன் அப்டேட் கேட்டால் அமுக்குகிற வீட்டில்கூட எஸ்எஸ்டிக்கு ஃபர்ம்வேர் உண்டு என்பது தெரிந்திருக்காது. கம்பெனியின் மென்பொருளை இறக்கி, டிரைவை அடையாளம் காட்டி, ஆங்கிலத்தில் வரும் எச்சரிக்கைக்கு 'யெஸ்' கொடுக்கும் வேலையை வாங்கியவர் செய்வார் என்று கம்பெனிகள் எதிர்பார்ப்பது சற்று அதிகப்படிதான்.

'நல்ல கம்பெனி பார்த்து வாங்கு' என்ற கட்சி இங்கே இரண்டு இடத்தில் இடறுகிறது. மேலே சொன்னவை எல்லாம் பெரிய கம்பெனிகளின் டிரைவுகள் என்பது ஒன்று. பெயர் மாறாமல் உள்ளிருப்பது மாறலாம் என்பது மற்றொன்று. கிங்ஸ்டன் வி300இல் நினைவகச் சில்லை மந்தமான வகைக்கு மாற்றியது 2014இல் அம்பலமானது. குரூஷியல் பி2 டிஎல்சியிலிருந்து கியூஎல்சிக்குப் போனதும், டபிள்யூடி எஸ்என்550இல் சில்லு மாறியதும் 2021இல் வெளியே வந்தன. மூன்று ஆண்டு முன்பு அண்ணன் வாங்கி நன்றாக ஓடும் மாடலையே தம்பி வாங்கினால், அதே பொருள் கையில் வரும் என்ற உறுதி கிடையாது.

அதற்காகப் பெயர் தெரியாத சரக்குக்குப் போவது சரியென்று ஆகாது. நினைவகச் சில்லைச் செய்யும் பெரிய ஆலைகளை உலகம் முழுக்க விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்ற பெயர்களெல்லாம் அவற்றிடமிருந்தோ இடைத்தரகரிடமிருந்தோ சில்லு வாங்கிப் பெட்டியில் போடுகின்றன. எந்தத் தரத்துச் சில்லு, முன்பு எங்காவது ஓடியதா என்பது பெட்டிமேல் எழுதியிருக்காது. 2021இல் சியா என்ற கிரிப்டோ நாணயத்துக்காக டிரைவுகளில் ஓயாமல் எழுதினார்கள். அந்த மோகம் அடங்கிய பிறகு பயன்படுத்திய டிரைவுகள் சந்தைக்கு வந்தன. 16 டிபி எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டி சில ஆயிரத்துக்கு என்று விற்கப்பட்டவற்றைத் திறந்தால் உள்ளே மெமரி கார்டு இருந்த கதையும் உலகெங்கும் உண்டு. வாங்கிய அன்றே கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் 'பவர் ஆன் ஹவர்ஸ்' எண்ணைப் பார்ப்பதும், முழு அளவுக்கும் எழுதிப் படித்துச் சோதிப்பதும் ஒரு மாலை வேலை.

மலிவு டிரைவுகளின் இன்னொரு குணமும் வாங்கியவர்களைக் குழப்புகிறது. முதல் சில பத்து ஜிபியைப் பறக்கப் பறக்க எழுதும். பிறகு படுத்துவிடும். சாம்சங் 870 கியூவிஓ 1 டிபி டிரைவில் வேகத் தாங்கல் (கேஷ்) நிரம்பியதும் எழுதும் வேகம் நொடிக்கு 80 எம்பிக்கு இறங்கும் என்று கம்பெனியே அச்சிட்டிருக்கிறது. முகூர்த்த நாள் முடிந்து நான்கு கேமரா கார்டுகளை ஒரே மூச்சில் இறக்கும் ஸ்டூடியோக்காரர் 'ஹார்ட் டிஸ்க்கே தேவலை' என்று சொன்னால், அவர் சொல்வதில் பொய் இல்லை.

கரண்ட்

எஸ்எஸ்டிக்குள் தகவலோடு கூடவே ஒரு முகவரிப் பட்டியலும் இருக்கிறது. எந்தக் கோப்பின் எந்தத் துண்டு எந்த அறையில் என்ற கணக்கு அது. தேய்மானத்தைச் சமப்படுத்த டிரைவ் தன்னிச்சையாகத் தகவலை இடம் மாற்றிக்கொண்டே இருப்பதால், நாம் எதையும் சேமிக்காத நேரத்திலும் இந்தப் பட்டியல் திருத்தப்படலாம். அந்தக் கணத்தில் மின்சாரம் போனால் இழப்பது கடைசியாக அடித்த வரியை மட்டுமாக இருக்காது. பட்டியலே குலைந்தால் டிரைவுக்குத் தன்னையே அடையாளம் தெரியாது. ஃபைசன் எஸ்11 கன்ட்ரோலர் உள்ள டிரைவுகள் இப்படிக் குலையும்போது பயாஸில் கம்பெனிப் பெயர் மறைந்து 'சாட்டாஃபெர்ம் எஸ்11' என்று நிற்கும். சர்வீஸ்காரர்கள் அந்தப் பெயரைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்குவார்கள். சர்வர் டிரைவுகளில் இதற்கென மின்தேக்கிகள் வைத்திருப்பார்கள். கரண்ட் போனாலும் பட்டியலை எழுதி முடிக்கும் அளவு மின்சாரம் அவற்றில் இருக்கும். வீட்டுக்கு விற்கும் டிரைவுகளில் அந்த முழுப் பாதுகாப்பு பெரும்பாலும் கிடையாது.

ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் மாய் ஜெங் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வு இந்த விஷயத்தில் முக்கியமானது. 15 எஸ்எஸ்டிகளுக்கு மின்சாரத்தைத் திரும்பத் திரும்ப வெட்டிப் பார்த்தார்கள். 13 டிரைவுகளில் ஏதோ ஒரு கோளாறு தெரிந்தது: தகவல் சிதைவு, பாதி எழுத்து, முழுச் சாவு என்று. அந்தத் தலைமுறை டிரைவுகள் இன்று கடையில் இல்லை, ஃபர்ம்வேர்கள் திருந்தியிருக்கின்றன, ஆய்வகத்தில் வெட்டியது வீட்டில் நடப்பதைவிடக் கடுமை என்ற மறுப்புகள் நியாயமானவை. லட்சக்கணக்கான டிரைவுகள் தினமும் கரண்ட் வெட்டைத் தாங்கிக்கொண்டுதான் ஓடுகின்றன. ஒரு வெட்டில் சாகும் வாய்ப்பு மிகச் சொற்பம். அந்தச் சொற்பத்தை ஆண்டில் எத்தனை முறை சோதித்துப் பார்க்கிறோம் என்பதுதான் கரிசலுக்கும் கலிபோர்னியாவுக்கும் உள்ள தூரம்.

2012இல் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்த காலத்தில் எஸ்எஸ்டி இங்கே பெரும்பாலும் வந்திருக்கவில்லை. அந்த அடியை வாங்கியவை ஹார்ட் டிஸ்க்குகளும் எஸ்எம்பிஎஸ்களும். இன்று நிலைமை எவ்வளவோ மேல். மின் வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு முன்கூட்டியே அறிவிக்கப்படுவதால் அதனால் கேடில்லை. ஆடிக் காற்றில் கம்பி உரசி இரண்டு நொடி போய் வருவதும், கோடை இடியில் நாலு முறை துடிப்பதும், மோட்டார்கள் ஓடும் நேரத்து லோ வோல்டேஜும்தான் எஸ்எஸ்டிக்குப் பகை.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் போதும் என்ற நம்பிக்கை இங்கே பரவலானது. பல வீட்டு இன்வெர்ட்டர்களின் பின்புறம் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். சாதாரண நிலை, யுபிஎஸ் நிலை என்று இரண்டு. சாதாரண நிலையில் கரண்டிலிருந்து பேட்டரிக்கு மாற எடுக்கும் நேரம் ஃபேனுக்கும் லைட்டுக்கும் உறைக்காது, டெஸ்க்டாப்போ அணைந்து எழுந்துவிடலாம். கணினி இருக்கும் வீட்டில் அந்த சுவிட்ச் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்தவர்கள் குறைவு. மடிக்கணினிக்கு அதன் பேட்டரியே யுபிஎஸ். ஆனால் எஸ்எஸ்டி மாற்றிப் புதுப்பிக்கப்பட்ட பழைய மடிக்கணினிகளில் பேட்டரி எப்போதோ செத்திருக்கும். சார்ஜரில் மட்டும் ஓடும். ஒயர் லேசாக அசைந்தாலே அணைந்துவிடும். 1,800 ரூபாய்க்கு எஸ்எஸ்டி போட்டவர், பேட்டரிக்கும் அதே அளவு கேட்டார்கள் என்று விட்டுவிட்டிருப்பார். புது எஸ்எஸ்டியின் ஆயுளைக் குறைப்பதில் அந்தச் செத்த பேட்டரிக்குக் கணிசமான பங்கு இருக்கக்கூடும்.

வெயிலும் புழுதியும்

புழுதி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கரிசல் புழுதி எஸ்எஸ்டிக்குள் போய்க் கெடுக்க நகரும் பாகம் எதுவும் இல்லை. ஹார்ட் டிஸ்க்கிலும் காற்றுத் துளைக்கு வடிகட்டி உண்டு. புழுதி அடைப்பது கணினியின் ஃபேனையும் ஹீட்சிங்க்கையும்தான். அதன் விளைவு வெப்பமாக வந்து சேரும். என்விஎம்இ டிரைவுகள் சூடேறினால் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சாட்டா டிரைவுகளுக்கு அந்தத் தொல்லை குறைவு. வேகம் அத்தனை தேவைப்படாத வீட்டில் இது சாட்டாவுக்குச் சாதகமான சேதி.

வெயிலின் வேறொரு வேலைதான் கவனத்துக்குரியது. ஜெடெக் என்ற தொழில்தர அமைப்பின் ஜெஎஸ்டி218 என்ற வரையறை, வீட்டு எஸ்எஸ்டி ஒன்று 30 டிகிரி சூட்டில் மின்சாரம் இல்லாமல் ஓராண்டு தகவலைக் காக்க வேண்டும் என்கிறது. வைத்திருக்கும் இடத்தின் சூடு 5 டிகிரி கூடினால் அந்தக் காலம் ஏறத்தாழ பாதியாகும். 40 டிகிரியில் மூன்று, மூன்றரை மாதம் என்று வரும். மண்பானை நீர் கசிவதுபோல் அறைகளுக்குள் அடைத்த மின்னேற்றம் மெல்லக் கசிகிறது. சூடு கசிவை விரைவாக்குகிறது. ஓடும்போது இருக்கும் சூடு இதற்கு எதிர்த் திசையில் வேலை செய்கிறது என்பது வேடிக்கை: சூடாக ஓடி எழுதிய தகவல் சற்று உறுதியாகவே நிற்கும், அணைத்து வைத்த இடத்தின் சூடுதான் கரைக்கும்.

2015இல் இந்த அட்டவணை செய்தியாகி, எஸ்எஸ்டியை அணைத்து வைத்தால் சில வாரங்களில் எல்லாம் அழிந்துவிடும் என்று பீதி கிளம்பியது. அது தவறான வாசிப்பு. அந்தக் காலக்கெடு, கம்பெனி உறுதி சொன்ன எழுத்து அளவு முழுவதையும் தீர்த்துவிட்ட டிரைவுக்குரியது. அதிகம் எழுதப்படாத டிரைவு அதைவிடப் பல மடங்கு காலம் தாங்கும். ஆனாலும் பீதி தவறு என்பதால் கேள்வியே தவறாகிவிடாது. மே மாதம் 38, 40 டிகிரியைத் தொடும் ஊரில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பீரோவுக்குள் எந்தச் சூடு இருக்கும்? படித்து முடித்துச் சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போன பிள்ளையின் மடிக்கணினி அந்தப் பீரோவில் இரண்டு கோடையைக் கழிக்கிறது. ஸ்டூடியோவில் ஐந்து வருஷத்துக் கல்யாணங்கள் மலிவு எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டியில் அடுக்கிக் கிடக்கின்றன. சாம்சங் 840 ஈவோவில் 2014இல் கண்ட கோளாறு இங்கே நினைவுக்கு வர வேண்டும். மாதக்கணக்கில் தொடாமல் கிடந்த கோப்புகளைப் படிக்கும் வேகம் விழுந்தது. ஃபர்ம்வேர் திருத்தம் வந்துதான் சரியாயிற்று. தொடாத தகவல் சும்மா கிடப்பதில்லை என்பதற்கு அது கைமேல் சான்று.

நெடுங்காலச் சேமிப்புக்கு ஹார்ட் டிஸ்க்கே மேல் என்று சொல்லும் கட்சி இந்த இடத்தில் வலுவாக நிற்கிறது. விலைக்கு அதிக இடம், அணைத்து வைத்தாலும் கரையாத காந்தப் பதிவு. கீழே விழுந்தால் போயிற்று என்பது அதன் பலவீனம். ஓஎஸ்ஸும் அன்றாட வேலையும் எஸ்எஸ்டியில், பழைய படங்கள் ஹார்ட் டிஸ்க்கில், இன்னொரு நகல் வேறொரு வீட்டில் என்ற பழைய ஏற்பாட்டை வெல்லும் யோசனை இன்னும் வரவில்லை.

செத்த பிறகு

ஹார்ட் டிஸ்க் சாகும் முன் 'கட கட' என்று சத்தம் போடும், கணினி தயங்கும், எடுக்க முடிந்ததை எடுத்துவிடலாம். எஸ்எஸ்டி பெரும்பாலும் முன்னறிவிப்பில்லாமல் போகிறது. ராத்திரி நன்றாக இருந்தது, காலையில் டிரைவே காட்டவில்லை என்பது வாங்கியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் வாக்கியம். தேய்ந்து சாகும் டிரைவுகூட அவகாசம் தராமல் போகலாம். டெக் ரிப்போர்ட் சோதனையில் இன்டெல் 335 எல்லையைத் தொட்டதும், வடிவமைத்தபடியே எழுதுவதை நிறுத்திக்கொண்டது. கணினியை அணைத்துத் திறந்த பிறகு டிரைவே திறக்கவில்லை. அழித்த கோப்பை மீட்பதும் கடினம்: ஹார்ட் டிஸ்க்கில் அழித்தது மேலெழுதும்வரை கிடக்கும், எஸ்எஸ்டியிலோ டிரிம் அதைத் துடைத்துவிடும்.

வாரண்டி மூன்று, ஐந்து ஆண்டு என்று பெட்டியில் இருக்கும். அது டிரைவுக்கு மட்டும். மாற்றுச் சரக்கு மதுரைக்கோ சென்னைக்கோ போய் வர நாளாகும். உள்ளே இருந்த தகவல் போனது போனதுதான். 2020 ஜூலை 20இல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இங்கே ஓர் உபகாரம் செய்திருக்கிறது: ஆன்லைனில் வாங்கியிருந்தாலும் வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம்வரை கட்டணமும் இல்லை. கோவில்பட்டிக்காரருக்குத் தூத்துக்குடி, சாத்தூர்க்காரருக்கு விருதுநகர் மாவட்ட ஆணையம். 1915 என்ற எண்ணில் புகாரும் சொல்லலாம். 1,800 ரூபாய்க்காகப் பஸ் ஏறுகிறவர் எத்தனை பேர் என்று கேட்டால் சங்கடம்தான். ஆனால் உள்ளூர்க் கடையில் பில் போட்டு வாங்கியவருக்குக் கேட்க ஒரு முகமாவது இருக்கிறது என்பதை விலை வித்தியாசத்தோடு சேர்த்தே எடைபோட வேண்டும்.

வாங்கியவர் வாக்குமூலம்

இந்தக் கேள்வி இவ்வளவு நாள் இழுபடுவதற்கு ஒரு காரணம், வாங்கியவர் அனுபவம் என்ற சான்றின் இயல்பு. விற்பனைத் தளங்களில் ஐந்து நட்சத்திரம் கொடுப்பவர் பெரும்பாலும் வாங்கிய முதல் வாரத்தில் கொடுக்கிறார். அப்போது அவர் அளப்பது பழைய ஹார்ட் டிஸ்க்கோடு ஒப்பிட்ட வேகத்தை. அந்த அளவுகோலில் எந்த எஸ்எஸ்டியும் தேறிவிடும். மூன்றாம் ஆண்டு செத்துப்போனதைத் திரும்ப வந்து எழுதுகிறவர் கோபத்தில் எழுதுகிறார். சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருப்பதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. சர்வீஸ்காரர் சொல்வதிலும் இதே கோணல் உண்டு. அவரிடம் வருவது கெட்டவை மட்டும். எந்த மாடல் அதிகம் விற்றதோ அதுதான் அதிகம் கெட்டு வரும்.

தரவு மைய ஆய்வுகளில் அந்தக் கோணல் இல்லை, வேறொன்று உண்டு. அங்கே மின்சாரம் சீராக இருக்கும், அறை குளிர்ந்திருக்கும், பழுதைக் கவனிக்க ஆள் இருக்கும். பேக்பிளேஸின் நூற்றுக்கு ஒன்று என்ற எண்ணை விளாத்திகுளத்து வீட்டுக்கு அப்படியே தூக்கிவர முடியாது. அதைக் கீழ் எல்லையாக எடுத்துக்கொள்வதே நிதானம்.

முடிவாகாதவை

வேகத்துக்காக எஸ்எஸ்டி வாங்குவதில் இனி விவாதம் இல்லை. தேய்மானம் பெரும்பாலான வீடுகளுக்குக் கவலை இல்லை என்பதும் ஓரளவு உறுதி. கியூஎல்சி டிரைவுகள் பரவலான பிறகும் இது நிற்குமா என்பது திறந்த கேள்வி. 2025இன் பிற்பகுதியிலிருந்து செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொள்வதால் விலை ஏறியிருக்கிறது. வீட்டுச் சந்தைக்கான குரூஷியல் வியாபாரத்தை விட்டு விலகுவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. தெரிந்த பெயர்கள் குறைந்து விலையும் ஏறினால், வாங்குகிறவர் பழைய சரக்குக்கும் பெயர் தெரியாத சரக்குக்கும் தள்ளப்படுவார். மலிவு டிரைவுகளைப் பற்றி இதுவரை சேர்ந்த அனுபவம் அப்போது எவ்வளவு உதவும் என்று சொல்வது கடினம்.

கரண்டும் வெயிலும் சேர்ந்து ஆயுளில் எவ்வளவு குறைக்கின்றன என்பதை அளக்க ஒரு வாய்ப்பு இப்போது கூடிவந்திருக்கிறது. தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்குத் தரும் புதிய மடிக்கணினிகளுக்காக அரசு நிறுவனமான எல்காட் 2025இல் கேட்டது 256 ஜிபி எஸ்எஸ்டி. ஒரே அளவு டிரைவுகள், ஏறத்தாழ ஒரே காலத்தில் ஓடத் தொடங்கி, ஊட்டிக் குளிரிலும் விளாத்திகுளத்து வெயிலிலும் லட்சக்கணக்கில் இருக்கும். எந்த ஆய்வகத்தாலும் இப்படி ஒரு சோதனையை அமைக்க முடியாது. சர்வீசுக்கு வரும் ஒவ்வொரு மடிக்கணினியிலும் டிரைவ் ஓடிய மணி, எழுதிய அளவு, திடீரென அணைந்த எண்ணிக்கை என்ற மூன்றும் டிரைவிலேயே பதிந்திருக்கும். மாவட்டவாரியாக அவற்றைக் குறித்து வெளியிட்டால், பேட்டரிகள் தளரத் தொடங்கும் 2029 வாக்கில் கரிசல் வட்டாரத்துக்கென்று ஒரு பதில் கிடைக்கும்.